ஒரு கோப்பைக்கு ஒரு வாய்

கப்பல் மூழ்கினால் என்ன செய்வது என்பதை நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். பழரசம் குடிப்பது எப்படி என்பதற்கு ஐம்பது நிமிடம் ஆனது.

'தோன்யா மரேஹாதா' என்ற அந்தச் சுற்றுலாக் கப்பல் சான் ஹுவான் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பயணிகள் எல்லோரையும் நாடக அரங்கில் உட்காரவைத்தார்கள். ஒரு பெண் வந்து மிதவைச் சட்டையை மாட்டிக்காட்டி, அதில் தொங்கிய ஊதலை ஊதிக்காட்டி, சிரித்துவிட்டுப் போனாள். அடுத்து மேடையேறியவரின் தோளில் மூன்று தங்கப் பட்டைகள் மின்னின. கப்பலின் தலைமைப் பொறியாளருக்கே இரண்டுதான். இவர் பல்த்தசார் கின்யோனெஸ், மதுவிலாப் பானங்களின் ஒழுங்காணையர்.

"மது அருந்துபவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை," என்று தொடங்கினார். "ஏழாவது கோப்பையில் அவர்களே உறங்கிவிடுவார்கள். ஆபத்து எப்போதும் தெளிவாக இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது."

கடைசி வரிசையில் இருந்த மிர்த்தா, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

பயணிகள் காசு கட்டிச் சேரும் மதுவிலாத் தாகசாந்தித் திட்டத்தின் விதிகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து பானம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினைந்து நிமிடம். ஓர் அறையில் ஒருவர் திட்டத்தில் சேர்ந்தால் மற்றவரும் சேர்ந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கோப்பை இன்னொருவர் கைக்கு மாறக் கூடாது. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை விசாரணை. குற்றம் உறுதியானால் 'பகிரும் இயல்புள்ள பயணிகள்' என்று பதிவுசெய்து, இருவரையும் வேறு வேறு தளத்துக்கும் வேறு வேறு சாப்பாட்டு நேரத்துக்கும் மாற்றிவிடுவார்கள்.

"ஒரு கோப்பைக்கு ஒரு வாய்!" என்று கையை உயர்த்தி நிறுத்தினார். அரங்கம் திருப்பிச் சொல்லும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. முன்வரிசையில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

இந்தக் கப்பலில் மிர்த்தாவுக்கு இருந்த ஒரே வேலை ஒரு வாய் பானம்தான். அதுவும் அவள் குடிப்பதற்கல்ல.

மிர்த்தாவின் ஊரான மயாகுவெஸில் ஒருவர் காப்பியோ சாறோ எதைக் குடித்தாலும், இரண்டு வாய் குடித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் கோப்பையை நீட்டி "ஒரு புச்சீத்தோ?" என்று கேட்டாக வேண்டும். ஒரே ஒரு வாய், அவ்வளவுதான். எச்சில் என்றொரு சொல்லை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நீட்டியதை வாங்கிக் குடித்தால் மனதில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு நீட்டாமலே குடித்தால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மாவின் துக்க வீட்டில், அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மிர்த்தா தன் காப்பியைத் தானே முழுக்கக் குடித்தாள். பக்கத்து நாற்காலியில் அக்கா ஒப்தூலியா. மிர்த்தாவுக்கு அன்று நெற்றியில் தோசை சுடுகிற அளவுக்குக் காய்ச்சல். அக்காவுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் நீட்டவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒப்தூலியா எழுந்து போய்விட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. இருவருக்கும் ஒரே தெரு, ஒரே ரொட்டிக்கடை, ஒரே தேவாலயம். பூசையின் நடுவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் மட்டும் ஒப்தூலியா சரியாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். வாரே இல்லாத செருப்பைப் போட்டுவந்த ஞாயிற்றுக்கிழமையிலும் குனிந்தாள்.

ஒப்தூலியாவின் மகள் கெய்ஷ்லாதான், அம்மாவுக்கும் சித்திக்கும் தனித்தனியாகப் பயணச்சீட்டு அனுப்பி, இருவரையும் ஒரே அறையில் தள்ளியவள். அரங்கக் கூட்டத்துக்கு முன்னால் அறைக் கதவைத் திறந்ததும் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒப்தூலியா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்துப் பேசினாள்.

"அலமாரி, எம் பொண்ணு எனக்குக் குழி வெட்டிட்டா. போகட்டும். உன் பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடு. எனக்கு எழுபத்தோரு வயசாச்சு, சண்டையோட சாக எனக்கும் ஆசையில்ல. நீட்டட்டும், குடிக்கிறேன். ஆனா இந்த ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு நீட்டுற வேலையெல்லாம் வேணாம். அன்னைக்கு ஊரே பாத்துச்சு. இன்னைக்கும் ஊரு பாக்கணும்."

"எறங்கற தீவுல கடைத்தெருவுல வச்சு…" என்றாள் மிர்த்தா.

"அலமாரி, அங்க நம்மள யாருக்குத் தெரியும்? தெரியாதவன் பாத்தா அது பாத்த கணக்கா?"

தெரிந்தவர்களுக்குக் கப்பலில் பஞ்சமில்லை. மயாகுவெஸிலிருந்து ஒரு பேருந்தே கிளம்பி வந்திருந்தது. துக்க வீட்டில் நடந்ததை மறுநாள் காலைக்குள் மூன்று ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மருந்துக்கடைக்காரர் தோன் எலாதியோவும் அதில் ஒருவர்.

ஆக, மிர்த்தா செய்ய வேண்டியது சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்க்க ஒரு கோப்பையை நீட்டுவது மட்டுமே. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குப் பாலும் சாறும் ஊற்றிக் கொடுத்தவளுக்கு இது ஒரு வேலையா?

முதல் நாள் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பார்ச்சா பழச்சாறு கேட்டாள். பரிமாறுபவர் செல்வின், ஹோந்துராஸ்காரர், நாற்பது வயதில் ஆறடிக்குக் குறையாதவர், அவளுடைய திட்டக் கைப்பட்டையைக் கருவியில் காட்டிவிட்டு ஊற்றினார். கப்பலின் பார்ச்சா பொடியில் கரைத்தது. பழத்தை ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து வர்ணித்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. மிர்த்தா இரண்டு வாய் குடித்தாள். தொண்டையைச் செருமினாள். பக்கத்து மேசையில் தோன் எலாதியோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒரு புச்சீத்தோ?"

ஒப்தூலியா உப்புப் புட்டியைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள். கை மேசைக்கு மேலே வந்தது.

ஊதல் சத்தம் காதைக் கிழித்தது. மிதவைச் சட்டையில் தொங்கியதை விடப் பெரிய ஊதல். கூடத்தின் மூலையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த பானக் கண்காணிப்பாளர் ஒருவர், நீச்சல் குளத்தில் யாரோ மூழ்குவதைப் பார்த்தவர் போலப் பாய்ந்து வந்தார். கோப்பைக்கும் ஒப்தூலியாவின் விரலுக்கும் நடுவே ஓர் அட்டையை நுழைத்துவிட்டு, அளவுநாடாவை எடுத்தார்.

"பதினோரு சென்டிமீட்டர். பகிர்வு முயற்சி. முதல் எச்சரிக்கை."

ஒப்தூலியா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உப்பே," என்றாள், "ஒன்பது வருசம் கழிச்சு நீட்டுறப்பகூட ஒழுங்கா நீட்டத் தெரியல பாரு."

மறுநாள் காலை மிர்த்தா ஒழுங்காணையரின் அலுவலகத்துக்குப் போனாள். கப்பலின் மருத்துவரிடம் ஒரு நாற்காலிதான் இருந்தது. இங்கே காத்திருப்பவர்களுக்கே இருபது. கின்யோனெஸ் அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"உங்க அக்கா திட்டத்துல சேரல. சர்க்கரை நோய்னு டாக்டர் கடிதம் குடுத்து விலக்கு வாங்கியிருக்காங்க. அதாவது, எங்க ஆவணப்படி அவங்களுக்குத் தாகமே கிடையாது. தாகமில்லாத ஒருத்தருக்கு நீங்க பானம் நீட்டியிருக்கீங்க. ஏன்?"

மிர்த்தா துக்க வீட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே குறித்துக்கொண்டார். முடிந்ததும் படித்துக் காட்டினார்: "'நோக்கம்: பாசம்.' சரிதானே? அப்போ இது கடுமையான பிரிவுல வரும். திருட்டுத்தனமா குடுக்கறவங்களுக்கு ஒரு கூச்சமாவது இருக்கும். பாசத்துல குடுக்கறவங்க மறுபடியும் குடுப்பாங்க."

"ஒரே ஒரு வாய்தாங்க ஐயா. அதுக்குத் தனியா என்ன ஆகுமோ அத வாங்கிக்குங்க."

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "தோன்யா மிர்த்தா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. பானத்துக்கா நாங்க இவ்வளவு பாடுபடறோம்? பொடி ஒரு மூட்டை பிரிச்சா கப்பலுக்கே ஒரு மாசம் வரும். அத நீங்க குடிங்க, குடிக்காம வைங்க, கீழ கொட்டுங்க. அதோ பாருங்க, செடித்தொட்டி. ஒரு நாளைக்குப் பதினஞ்சு கோப்பையும் அதுல ஊத்துங்க, நான் கைதட்டுவேன். ஆனா இன்னொரு மனுசருக்குக் குடுக்கறீங்க பாருங்க, அங்கதான் ஒரு நிறுவனம் ஆட்டம் காணுது. இன்னைக்கு அக்கா. நாளைக்கு பக்கத்து மேசை. ஒரு கோப்பைய வச்சுக்கிட்டு ஒரு குடும்பமே சந்தோஷமா இருந்துட்டா, நாங்க எதுக்கு?"

மிர்த்தா செடித்தொட்டியைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"எங்கக்காவச் செடின்னு எழுதிக்க முடியுமா?"

அவர் கைப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வேரில்லாமல் முடியாது என்றார். புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார்: "நேத்து நீங்க மொத்தமே ரெண்டு பானம்தான் குடிச்சிருக்கீங்க. குறைவாக் குடிக்கிறவங்க மத்தவங்களுக்காக மிச்சம் பிடிக்கிறாங்கன்னு எங்க கணிப்பு. உங்க பேரு சந்தேகப் பட்டியல்ல ஏறியிருக்கு. எறங்கணும்னா இன்னைக்கு முழு ஒதுக்கீட்டையும் குடிச்சாகணும்."

அன்று மிர்த்தா குடித்தாள். அன்னாசி, கொய்யா, இஞ்சி, நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று, பெயரே இல்லாமல் நுரையோடு ஒன்று. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்வின் வந்து நின்றார். எட்டாவதில் ஏப்பம் விட்டாள். அதற்கு அவர் ஏதும் எழுதவில்லை என்பதைக் கண்டு நன்றியோடு சிரித்தாள். பதினோராவதற்குள் கப்பலில் இருந்த கழிப்பறைகளில் எதன் தாழ்ப்பாள் சரியாக விழாது, எதில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பதினைந்தாவதை வைத்துவிட்டு செல்வின் குரலைத் தாழ்த்தினார். "தோன்யா, நானும் ஏழு வருசமா இந்தக் கூத்தப் பாக்கறேன். எங்கம்மா வீட்டுல ஒரு தேங்காய உடைச்சா எட்டு பேரு குடிப்போம். விதியில என்ன இருக்கு? 'கோப்பை கைமாறக் கூடாது.' அப்போ கைமாறாட்டி?"

"பின்ன எப்படி?"

"கோப்பை மேசையிலயே இருக்கட்டும். உறிஞ்சுகுழல் மட்டும் ரெண்டு."

மூன்றாம் நாள் மதியம் அப்படியே நடந்தது. கோப்பை மேசையின் நட்டநடுவில், பார்ச்சா, இரண்டு குழல். மிர்த்தா தன் குழலில் ஒரு வாய் இழுத்துவிட்டு, மற்ற குழலை அக்கா பக்கம் வளைத்துவிட்டாள். கோப்பையைத் தொடவே இல்லை.

"குழல்ல குடிக்க நான் என்ன கைக்குழந்தையா?" என்றாள் ஒப்தூலியா, உப்புப் புட்டியிடம். ஆனாலும் தலை குனிந்தது. செருப்பு வாரைத் தேடுகிற குனிதல் அல்ல அது. மிர்த்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஊதல்.

இம்முறை மூன்று கண்காணிப்பாளர்கள். ஒருவர் கோப்பையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி முத்திரை வைத்தார். ஒருவர் குழல்களின் நடுவே இருந்த கோணத்தை அளந்தார். மூன்றாமவர் குற்றத்தின் பெயரை எழுதினார்: 'கூட்டு உறிஞ்சல் சதி.'

அன்று இரவு இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். ஒப்தூலியா கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியிடம் கேட்டாள்.

"அலமாரி, அந்தம்மா ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடந்துச்சே, பதினஞ்சு கோப்பை குடிச்சுச்சாமே. எதுக்காம்?"

"நீ ரெண்டு நாளாவது என்னோட இந்த ரூம்ல இருக்கணும்னுதான்," என்றாள் மிர்த்தா. அலமாரிக்காகக் காத்திருக்கவில்லை.

விளக்கை அணைப்பதற்கு முன் ஒப்தூலியா தங்கையின் கட்டில் பக்கம் போர்வையின் நுனியை இழுத்துவிட்டாள். அது தன் போர்வை என்று நினைத்துச் செய்ததாகவும் இருக்கலாம்.

நான்காம் நாள் நிகழ்ச்சி நிரலில் இப்படி அச்சாகியிருந்தது: பத்தரை மணிக்குத் துணிக் கைக்குட்டையில் அன்னம் மடித்தல், பதினொன்றரை மணிக்குப் பானப் பகிர்வு விசாரணை, பன்னிரண்டேகாலுக்கு பிங்கோ. விசாரணையை நாடக அரங்கில் வைத்தால் மற்ற பயணிகளுக்கும் விழிப்புணர்வு ஏற்படும் என்பது கின்யோனெஸின் எண்ணம். ஏற்பட்டது. முந்நூறு பேர் திரண்டுவிட்டார்கள். அன்னம் மடித்தவர்கள் அன்னத்தோடு வந்திருந்தார்கள். மயாகுவெஸ் பேருந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டது.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி. துணிமேல் முத்திரையிட்ட கோப்பை, ஒருநாள் பழைய பார்ச்சா, 'சான்று 1' என்ற சீட்டு.

கின்யோனெஸ் எழுந்து நின்றார். இன்று தோள்பட்டைகளைப் புதிதாகத் துலக்கியிருந்தார்.

"பெரியோர்களே! ஒருவர் கேட்கலாம், ஒரு வாய்தானே என்று. நான் கேட்கிறேன்: ஒரு வாய் என்பது எவ்வளவு? இருபத்திரண்டு மில்லிலிட்டர்! இந்தக் கப்பலில் இரண்டாயிரம் பயணிகள். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கிட்டேன். எண்பத்தெட்டாயிரம் லிட்டர் அன்பு! இதைத் தாங்கும் கப்பல் உலகில் கட்டப்படவில்லை. இருபது வருடமாக நான் இந்தப் பணியில் இருக்கிறேன். இதுவரை யாரும் எனக்கு ஒரு வாய் நீட்டியதில்லை. அதனால் நான் கெட்டா போய்விட்டேன்?"

அரங்கில் சில பேர் தரையைப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம்," என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"ஒழுங்கு!" என்றார் அவர். பிறகு மேடையில் நின்ற ஒப்தூலியாவிடம் திரும்பிக் கனிவாகப் பேசினார். "தோன்யா, நீங்க குற்றவாளி இல்ல. பாதிக்கப்பட்டவங்க. உங்களுக்குத் தாகமில்லைன்னு தெரிஞ்சும் ரெண்டு தடவை உங்க மேல பானம் ஏவப்பட்டிருக்கு. 'ஆமா, இவங்கதான் நீட்டினாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு ஒன்பதாவது தளத்துல தனி அறை. கடல் பாத்த பால்கனி. நாளைக்கு ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் இவங்க முகத்துல நீங்க முழிக்கவே வேணாம்."

மேடையின் மறுபக்கம் நின்ற மிர்த்தா பிடித்திருந்த கைப்பையின் வார் முறுக்கிக்கொண்டது. ஒன்பது வருடமாக அக்கா தேடியது அதைத்தானே. பால்கனி வேறு. ஊருக்குத் திரும்பினால் ஒரே தெருவில் எதிரெதிர் ஜன்னல். அவ்வளவுதான், இனிமேல் செத்தால்தான் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தாள்.

ஒப்தூலியா பால்கனி எந்தப் பக்கம் என்று தேடுபவள் போல மேலே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க கேக்கறது மொத நாள் நடந்ததா, நேத்து நடந்ததா?"

"ரெண்டும்தான்."

"மொத நாளுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது. எந்தக் கையால நீட்டினா, எவ்வளவு உயரத்துல நீட்டினா, அதெல்லாம் வேணும்ல உங்களுக்கு? அப்புறம் தலைமை ஆபீஸ்ல இருந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

கின்யோனெஸின் கண்கள் விரிந்தன. இருபது வருடத்தில் இப்படியொரு சாட்சி அவருக்கு வாய்த்ததில்லை. "அதானே! செய்து காட்டணும்!" என்றார். முத்திரையைத் தன் கையாலேயே உடைத்தார். பிளாஸ்டிக் தாளை உரித்தார். கோப்பையை மிர்த்தாவின் கையில் திணித்தார்.

"இல்ல, இல்ல," என்றாள் ஒப்தூலியா. "நீட்டறதுக்கு முன்னாடி அவ ரெண்டு வாய் குடிச்சா. அத விட்டுட்டா அது வெறும் கோப்பை. சட்டம் நிக்காது."

"குடியுங்கள்!" என்று ஒழுங்காணையர் உத்தரவிட்டார். "எழுதிக்கொள், எழுதிக்கொள்," என்று கண்காணிப்பாளரை விரட்டினார்.

மிர்த்தா குடித்தாள். ஒருநாள் பழைய சாறு நாக்கைச் சுரண்டியது.

"இப்போ நீட்டினா. என் பக்கமா. இன்னும் கொஞ்சம் கிட்ட. முன்வரிசைக்குத் தெரியுதா? தோன் எலாதியோ, உமக்குத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது," என்றார் மருந்துக்கடைக்காரர், நாற்காலியின் மேல் ஏறி நின்று.

"நீட்டுறப்ப ஒண்ணு சொன்னா. அதையும் சொல்லச் சொல்லுங்க."

"சொல்லுங்கள்!" என்றார் கின்யோனெஸ்.

மிர்த்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முந்நூறு பேர் பார்க்க, கோப்பையை நீட்டினாள்.

"அக்கா, ஒரு புச்சீத்தோ?"

ஒப்தூலியா அதை வாங்கினாள். அவசரப்படாமல், எல்லா வரிசைக்கும் தெரிகிற மாதிரி கோப்பையை உயர்த்தி, ஒரு வாய் குடித்தாள். ஊதல்காரர் ஒழுங்காணையரின் முகத்தைப் பார்த்தார். ஒழுங்காணையர் இன்னும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது கோப்பை மேசைமேல் திரும்பவந்து, அதே துணியில், சீட்டு முன்பக்கம் தெரியும்படி நின்றது. உள்ளே இன்னும் ஒரு வாய் குறைந்திருந்தது.

"ஊது!" என்று கத்தினார். ஊதினார்கள். அந்தச் சத்தம் கைதட்டலில் கேட்கவில்லை. தோன் எலாதியோ நாற்காலியிலிருந்து இறங்கி, பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத ஒருவரின் எலுமிச்சைச் சாற்றை வாங்கிக் குடித்தார்.

மேடையில் அக்காவும் தங்கையும் எதையும் பார்க்கவில்லை.

"காய்ச்சல் இருந்தா அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடி?" என்றாள் ஒப்தூலியா. ஒன்பது வருடத்தில் தங்கையின் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

"சொல்ல விட்டியா நீ? நாற்காலிய உதைச்சுத் தள்ளிட்டுல்ல போன! ஆமா, காய்ச்சல்னு உனக்கு யாரு சொன்னா?"

"தோன் எலாதியோ மருந்துக்கடையில நீ மாத்திரை வாங்கினது எனக்குத் தெரியாதா? மறுநாளே தெரியும்."

"மறுநாளே தெரியுமா! பின்ன ஒன்பது வருசம் எதுக்குடி… எதுக்குக்கா?"

"எழுந்து போயிட்டேன்ல? அப்புறம் எப்படித் திரும்பி வர்றது?"

விசாரணைக் குறிப்பைக் கின்யோனெஸ் தானே எழுதி முடித்தார். குற்றம் ஐயமின்றி நிரூபணம். ஆனால் 'பானத்தை நீட்டும்படி தூண்டியவர் பெயர்' என்ற கட்டத்தில் உண்மையை எழுதினால் அவர் பெயரைத்தான் எழுத வேண்டும். அவர் நேர்மையானவர், எழுதினார். தன் மேலேயே தான் தண்டனை விதிக்கலாமா என்று கைப்புத்தகத்தில் தேடினார். அதற்கான பக்கம் இல்லை. எனவே விவகாரம் மயாமியிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போனது. நாற்பது வேலை நாளில் பதில் வரும். கப்பல் மறுநாள் காலை சான் ஹுவான் சேர்ந்துவிடும். அதுவரை சகோதரிகள் ஒரே அறையில் இருப்பதைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை.

ஒப்தூலியா அரங்கை விட்டு வெளியே வரும்போது பேச ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரன் மாவில் கலப்படம் செய்வது, பாதிரியாரின் புதுக் காரை ஓட்டுவது யார், கெய்ஷ்லாவின் புருஷன் வாயே திறக்காதவன் என்பது, வாயைத் திறந்தால் சொல்வதெல்லாம் பொய் என்பது, தன் முட்டியில் எந்த இடத்தில் எந்த நேரத்தில் வலிக்கும் என்பது. மதியச் சாப்பாட்டில் பேசினாள். மேல்தளத்தில் பேசினாள். மிர்த்தா குளிக்கப் போனபோது கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேசினாள். ஒன்பது வருடத்துக் கதை. இப்போதுதான் மூன்றாவது வருடத்து மழைக்காலத்துக்கு வந்திருந்தது. இரண்டு மணிக்கு மிர்த்தா கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு அலமாரியைப் பார்த்தாள். அது எவ்வளவு பொறுமைசாலி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆறு மணிக்கு ஒழுங்காணையரின் கதவை யாரோ தட்டினார்கள். கின்யோனெஸ் நிமிர்ந்தார். மிர்த்தா உள்ளே வந்து, கதவை மெதுவாகச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரு நாளைக்கு இத்தனைதான், நடுவுல இவ்வளவு நேரம் விடணும்னு பானத்துக்கு வச்சிருக்கீங்க இல்ல, நல்ல விதி அது. நான்தான் புரிஞ்சுக்கல. அதையே பேச்சுக்கும் வைக்கிற மாதிரி ஏதாவது படிவம் இருக்கா?"

கின்யோனெஸ் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தார். இருபது வருடப் பணியில், இல்லை என்று சொல்வதற்கு அவர் மனம் நொந்தது அதுவே முதல் முறை.